பிடியரிசியும் பிடிசோறும்

மனிதன் உண்ணும்போது அவன் முகத்தை நோக்கியிருந்து, அவன் கை இலையினின்று வாய்க்குச் செல்லுந்தோறும் தன் கண்ணையும் உடன் செலுத்தும் விலங்கு நாய். பசு தொழுவத்தில் தன் வைக்கோலைத் தின்னும். பூனை களவினாற் பெற்றதையே சுவையுடையதாகக் கருதும். கோழி முற்றத்தைக் கிளறித் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். நாயோ நம் இலையினின்று வருவதையே எதிர்நோக்கி, வாயூற, வாலசைத்து, ஒரு சொல்லும் சொல்லாது விண்ணப்பம் செய்துகொண்டிருக்கும். அவ்விண்ணப்பத்தை மறுத்தற்கு வன்னெஞ்சம் வேண்டும். யாம் அத்தகைய நெஞ்சுடையேம் அல்லேம். இதனைப் படிக்கும் நண்பருள்ளும் பலர் எம்மைப் போன்றவரே என நம்புகின்றோம்.

தமிழ்ப் புலவர் நாய்க்கு இட்ட பெயர்கள் பல. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என நிகண்டுகள் அடுக்கிச் சொல்லும். பெயர்களை அள்ளி வழங்கியவர் பெருமையைச் சிறிதே வழங்கினர். அடியவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பிய பொழுதெல்லாம் நாயையே உவமைக்கு அழைத்தனர். நாலடியார் அதற்கு ஒருவாறு நீதி செய்தது. பழகிய பாகனையே கொல்லும் யானையினும், எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் எறிந்தவனை நோக்கி வாலைக் குழைக்கும் நாயே நட்பிற்குத் தக்கது என்பது அந்நூலின் துணிபு.

நம் வேதாகமத்திலும் நாய்க்குச் சிறப்பான இடம் இல்லை. ஆயினும் மத்தேயு சுவிசேஷத்தில் கானானியப் பெண் என்றும், மாற்கு சுவிசேஷத்தில் சீரோபேனிக்கியப் பெண் என்றும் சொல்லப்படுகின்ற ஒரு தாயின் வரலாற்றை நாம் மறத்தற்கில்லை. பிள்ளைகளின் மேசையினின்று விழும் துணிக்கைகள் நாய்களுக்கு உரியனவன்றோ என்று அவள் ஆண்டவரிடமே வழக்காடி வென்றாள். அவ்விடத்துக் கிரேக்க மூலத்தில் உள்ள குனாரியொன் என்னுஞ் சொல் சிறுமைப்பொருள் விகுதி பெற்றது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் அந்நுட்பத்தைக் கைவிடாது நாய்க்குட்டி என்றே பெயர்த்தனர். தெருவில் அலையும் நாயினும், வீட்டாரோடு கூடி மேசையின்கீழ்ப் படுத்திருக்கும் சிறுநாயே அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வருகின்றது. அன்று மேசையினின்று விழுந்தது அப்பம். அதனால் நாய்க்குத் தீங்கு யாதும் இல்லை. நம் வீடுகளில் இலையினின்று விழுவன அவ்வளவு எளிய பொருள்கள் அல்ல. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

நாய் ஓநாயின் வழித்தோன்றல், ஆதலின் இறைச்சியே அதற்கு உணவு, சோறு ஆகாது என்று சாதிப்பார் உளர். அவர் கூற்று முழுவதும் பொருந்தாது. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்புநோக்கிக் கண்டதைப் பதிப்பித்தனர். மாச்சத்தைச் செரிக்கச்செய்யும் அமிலேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு ஓநாயினிடத்து 2 படிகளே உள்ளது. நாயினிடத்து 4 முதல் 30 படிகள் வரை உள்ளது. மனிதன் உழவனாகித் தானியத்தை உண்ணத் தொடங்கினான். அவன் அடுக்களைப் புறத்தே காத்துக்கிடந்த விலங்கின் வயிறும் அவனோடு உடன் மாறிற்று. ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் 1860ஆம் ஆண்டளவில் இலண்டன் நகரில் நாய்க்கென்றே பிஸ்கோத்துச் செய்து விற்கத் தொடங்கினார். அதற்குமுன் எண்ணிறந்த தலைமுறை நாய்கள் மனிதரின் மிச்சிலையும் தாம் வேட்டையாடியதையும் உண்டே வாழ்ந்தன. இக்காலத்துக் கடைகளில் விற்கும் நாய்த்தீனியின் விலையை யாம் ஒருமுறை உசாவினோம். உசாவிய பின்னர், விடுதியில் எமக்கு இடப்படும் உணவைப்பற்றி முறையிடுதலைச் சில நாள் நிறுத்தியிருந்தோம்.

எனவே பகிர்தல் தவறன்று. பகிரும் பொருள் யாது என்பதே வினா. திருவள்ளுவர் பகுத்துண்ணும் அறத்தை ஈகையிலே மட்டும் பேசி அமைந்தாரல்லர். கொல்லாமை என்னும் அதிகாரத்தின் இரண்டாங் குறளிலும் அதனை வைத்தார். உணவைப் பகிர்தற்கும் கொல்லாமைக்கும் யாது இயைபு என்று வகுப்பில் யாம் முதலில் மயங்கினோம். பசித்த உயிர்க்கு உணவை மறுத்தல் அதன் உயிரைப் போக்குதலோடு ஒக்கும் என்று ஆசிரியர் விளக்கினார். நாய் வளரும் வீட்டில் அவ்வியைபு மற்றொரு முகத்தானும் விளங்குகின்றது. ஆண்டு மறுத்தலே அன்றி இடுதலும் கொல்லும்.

முதற்கண் வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். தமிழர் அடுக்களையில் அஃதின்றி எண்ணெய் காய்வது அரிது. சாம்பாரில் அது கிடக்கும், பொரியலில் கலந்திருக்கும், இறைச்சிக்குழம்பில் அரைபட்டு உருத்தெரியாது மறைந்திருக்கும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்பின. உடல் எடை ஒரு கிலோகிராமுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உண்ட நாய்களின் இரத்தத்தில் கேடு காணப்பட்டுள்ளது. ஒரே வேளையில் அத்துணை உண்ணாவிடினும், நாள்தோறும் சிறிது சிறிதாக உண்பதனாலும் அக்கேடு விளையும். சமைத்தலால் அந்நஞ்சு நீங்குவதில்லை. இதன்கண் கொடியது யாதெனின், உண்ட அன்று நாய் நலமாகவே ஓடித்திரியும். சில நாள் கழிந்தபின்னரே ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, சிறுநீர் செந்நிறங் கொள்ளும். அப்போது வீட்டார், நேற்று இட்டது யாது என்று எண்ணிப்பார்ப்பரேயன்றி முந்திய வாரத்துக் குழம்பை நினையார். சின்ன வெங்காயம் மருந்துப் பொருள், ஆதலின் தீங்கில்லை என்று எம்மோடு வாதிட்ட நண்பர் ஒருவர் உண்டு. மருந்து மனிதர்க்கு என்பதே அவர்க்கு எம் விடை.

இனித் திராட்சை. இதன் வரலாறு வியத்தற்குரியது. திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்னும் செய்தி 2001ஆம் ஆண்டளவில் அமெரிக்க விலங்கு மருத்துவரால் வெளியிடப்பட்டது. எப்பொருளால் கெடுகின்றது என்பது அதன்பின்னும் இருபது ஆண்டு புலப்படாதிருந்தது. குழந்தைகள் விளையாடுதற்கு வீட்டில் பிசைந்த மாவுருண்டையைத் தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகக் கேடு வந்ததை ஒரு மருத்துவர் கண்டார். அம்மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. திராட்சையிலும் அவ்வமிலமே மிகுதியாக உள்ளது. இவ்வாறு நூலின் முனை அகப்பட, 2021, 2022ஆம் ஆண்டுகளில் அதனை ஆராய்ந்து எழுதினர். அவ்வாராய்ச்சியில் நோயுற்ற நாய்கள் சில உண்டது திராட்சையும் அன்று, மாவுருண்டையும் அன்று, புளி.

அதனைப் படித்தபோது யாம் திடுக்கிட்டோம். புளியில் உள்ளது டார்டாரிக் அமிலம் என்று பள்ளிக்கூடத்திலே மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றோம். புளியின் சதையில் அது நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை இருக்கும் என்ப. நம் இரசமும் சாம்பாரும் மீன்குழம்பும் புளியோதரையும் யாவும் அதன் மேல் எழுந்த மாளிகைகள் அல்லவோ! திராட்சை மேனாட்டார்க்குச் செய்தி. புளி நமக்குச் செய்தி. இத்துணையளவு வரை தீதில்லை என்று வரையறுத்த கணக்கு யாதும் இல்லை. சில நாய்கள் மிகுதியாகத் தின்றும் பிழைக்க, சில சிறிதளவால் நோயுறுகின்றன. ஆதலின் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை நாய்க்கு வைக்கும் வழக்கத்தை நம்மவர் அடியோடு கைவிடுதலே தக்கது.

இவற்றையெல்லாம் யாம் புத்தகப்புழுவாயிருந்து தேடியறிந்தோம் அல்லேம். எம் ஆச்சி திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் வாழ்கின்றார். 2019ஆம் ஆண்டில் தாத்தா காலமானபின் அவருக்கு வீட்டில் துணை கறுப்பன் என்னும் நாய் ஒன்றே. அஃது இராசபாளையமும் அன்று, சிப்பிப்பாறையும் அன்று. மழைநாள் ஒன்றில் கோயில் மதிலோரம் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி. மக்களும் பேரரும் கிறிஸ்துமஸ், ஸ்தோத்திரப் பண்டிகை என ஆண்டில் இருமுறை வருவோம். எஞ்சிய நாளெல்லாம் ஆச்சி உண்ணும்போது எதிரே இருப்பது கறுப்பன். ஆச்சி ஒரு பிடி உண்பார். அடுத்த பிடியை உருட்டி அதற்கு இடுவார். இடையிடையே கோயில் மணி அடிக்கத் தாழ்த்தமையையும், கிணற்றில் நீர் வற்றுதலையும் அதனோடு பேசிக்கொள்வார்.

2023ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பட்டணத்தினின்று வந்த உறவினர், உலர்ந்த திராட்சை செறிந்த கேக்கைக் கொணர்ந்தனர். சிறுவர் தம் பங்கைத் தின்று தெவிட்டியபின், மேசையின்கீழ் நாலைந்து துண்டுகளைக் கறுப்பனுக்கு ஊட்டிவிட்டனர். அன்றிரவு அது வாந்தியெடுத்தது. பண்டிகை மயக்கத்தில் யாரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. மறுநாள் தண்ணீரையும் தொடாது வாழைமரத்தடியில் சுருண்டு கிடந்தது. ஆச்சியின் முகம் அதனினும் வாடியது. ஓர் ஆட்டோவை அமர்த்தி, கோணிச்சாக்கில் அதனைக் கிடத்தி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம்.

மருத்துவர் கேட்ட முதல் வினா, என்ன தின்றது என்பதே. கேக் என்றவுடன், திராட்சை உண்டா என்றார். இரத்தத்தைச் சோதித்துச் சிறுநீரகம் நலிந்துள்ளதெனக் கண்டு, மூன்று நாள் நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றினார். தின்ற ஓரிரு மணி நேரத்திற்குள் கொணர்ந்திருந்தால் வாந்தியெடுக்கச் செய்து நஞ்சை வெளியேற்றியிருக்கலாம் என்றும், வீட்டிலே உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தியெடுக்கச் செய்தல் மற்றொரு நஞ்சை ஊட்டுதலே என்றும் அவர் கூறியதை யாம் அப்போதே குறித்துக்கொண்டோம். கறுப்பன் பிழைத்தது. நான்காம் நாள் எழுந்து நின்று ஆச்சியின் முந்தானையை முகர்ந்தது.

“இனி உங்கள் இலையிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள், ஆச்சி. புளி, வெங்காயம், உப்பு, காரம், இனிப்பு ஒன்றும் ஆகாது” என்றார் மருத்துவர்.

“நான் சாப்பிடும்போது அது என்னையே பார்த்துக்கொண்டிருக்குமே, ஐயா. அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டு போடுவேன்?” என்றார் ஆச்சி.

மருத்துவர் மறுமொழி சொல்லவில்லை. எமக்கும் சொல்லத் தெரியவில்லை. தனித்து வாழும் முதியோர் ஒருவரை நோக்கி, உடனுண்பாரோடு உண்ணாதே என்று கட்டளையிடுதல் எளிய காரியம் அன்று. நோயைத் தடுத்தல் வேண்டும் என்பது மெய். அத்தடையால் அவ்வீட்டில் உண்ணுதல் என்பதே பொருளற்றுப் போய்விடும் என்பதும் மெய்.

இதற்கு வழி கண்டவர் ஆச்சியே. நம் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுத் தலைவி அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு கலத்தில் இடுவாள். அது சேர்ந்தபின் கோயிலுக்குச் செல்லும். உண்டு மிஞ்சியதைக் கொடாது, உண்பதற்கு முன்னரே எடுத்துவைத்துக் கொடுக்கும் முறை அது. ஆச்சி அம்முறையைக் கறுப்பனுக்கும் உரியதாக்கினார். சோறு வெந்தவுடன், உப்பு இடுமுன், இரண்டு பிடி சிரட்டையில் எடுத்துவைக்கின்றார். பருப்பு வெந்தவுடன், புளிகரைத்து ஊற்றுமுன், ஓர் அகப்பை. பூசணியோ காரட்டோ நறுக்கும் நாளில் நாலு துண்டு வேறே வேகின்றன. மீன் வாங்கினால் ஒரு துண்டை வெறுநீரில் அவித்து முள் ஆய்ந்து உதிர்த்துப் போடுகின்றார். தாளிப்புக் கரண்டி அடுப்பேறுமுன் கறுப்பனுடைய பங்கு ஒதுங்கிவிடுகின்றது. மிச்சில் உண்ட நாய் இப்போது முதற்பங்கு பெறுகின்றது. சில வாரங்கட்குப் பின் எடுத்த இரத்தச் சோதனையில் சிறுநீரகம் தேறிவிட்டது என்றனர்.

நம் அடுக்களையில் நாய்க்கு ஒத்த பொருள்கள் குறைவு என்று யாரும் கருதவேண்டா. அவித்த முட்டை மிக நன்று. பச்சை முட்டையின் வெண்கருவை நாள்தோறும் கொடுத்தால் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேராது தடைப்படும். எலும்பு நீக்கி அவித்த கோழியிறைச்சி, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, விதை நீக்கிய பப்பாளி, சிறு துண்டு வாழைப்பழம், தாளிக்காத தயிர்ச்சோறு ஆகியவற்றை அளவோடு இடலாம். பால் பல நாய்களுக்கு வயிற்றைக் கழியச்செய்யும். குட்டிப்பருவம் கழிந்தபின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. தயிர் அதனினும் மேல். ஆயினும் சோற்றையும் பருப்பையும் மட்டும் ஆண்டுக்கணக்கில் இடுதல் போதாது. புலாற்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறையும். வளரும் குட்டிக்கு இக்குறை எலும்பையே வளைத்துவிடும். முறையான உணவு ஒன்று அடிப்படையாக அமைய, நாம் விரும்பி ஊட்டுவது நாளுணவில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்பர். தசமபாகம் என்று நினைவிற் கொள்ளின் நம்மவர் மறவார்.

விலக்க வேண்டியவற்றுள் எஞ்சியன சில. அசனப் பந்தி முடிந்தவுடன் எலும்புகளை வாரி நாய்க்கு எறிதல் நம் ஊர்களில் பெருந்தருமமாகக் கருதப்படுகின்றது. வெந்த எலும்பு, கோழியெலும்பு சிறப்பாக, ஊசிபோலப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். அவ்விலைகளில் ஒட்டிய கொழுப்பு ஒரே வேளையில் மிகுதியாக உட்சென்றால் கணையம் அழலும். சாக்கலேட்டில் உள்ள தியோபுரோமின் பாதியளவு நீங்குதற்கே நாயின் உடலில் 17 மணி நேரத்திற்கு மேல் ஆகும்; கறுத்துக் கசக்கும் சாக்கலேட்டு மிகக் கொடிது. சர்க்கரையற்றது என்று எழுதி விற்கும் சுயிங்கம் முதலியவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்புப் பொருள் சேர்ப்பதுண்டு. அது கிலோகிராமுக்கு 0.1 கிராம் உட்சென்றாலே நாயின் இரத்தச் சர்க்கரை சரேலென வீழ்ந்துவிடும். மாணவர் சட்டைப்பையினின்று விழும் பொருள்களுள் இஃது ஒன்றாதலின் விடுதி நண்பர்க்கு இதனைச் சற்று உரத்துச் சொல்கின்றோம். ஈஸ்டு இட்டுப் பிசைந்த பச்சை மாவு நாயின் வயிற்றிலும் பொங்கிக்கொண்டேயிருந்து சாராயத்தை ஆக்கும். காப்பியும் தேநீரும் ஆகா. மாங்கொட்டை குடலை அடைக்கும்.

விடுதியின் சமையற்கட்டுப் புறத்தே நாள்தோறும் வந்து காத்திருக்கும் செந்நிற நாயை நண்பர் யாவரும் அறிவர். சாம்பார்ச் சோற்றை அதற்கு இடாது, உப்பிடாத சோற்றில் ஒரு தகரக் கிண்ணம் முன்னரே ஒதுக்கித் தரும்படி சமையற்காரரைக் கேட்டோம். அவர் சிரித்தார், ஆயினும் மறுநாள் முதல் ஒதுக்குகின்றார். பந்தி முடிந்தபின் இலையை உதறும் மாணவர் சிலர் அதனைப் பாழ்செய்வதுண்டு. அவர்களோடு யாம் செய்துவரும் போர் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கறுப்பன் தன் புதிய உணவை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டது என்று சொல்வதற்கில்லை. மீன்குழம்பு கொதிக்கும் நாளில், தன் சிரட்டையில் உதிர்த்த மீனை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, மீண்டும் வந்து பழைய இடத்தில் அமர்ந்து ஆச்சியின் கையையே நோக்கும். ஆச்சி இலையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து உண்கின்றார். பேச்சு மட்டும் முன்போலவே நடக்கின்றது.